அம்மாவால் நடைபாதையில் நிம்மதியாக நடக்க முடியவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். யாங்கோனில் இருக்கிற நம்மவர்களிடம் ஓர் உதவி.

அம்மாவுக்கு 71 வயது. வெள்ளிக்கிழமைதோறும் அனோரத்தா சாலை காளி கோவிலுக்கு நடந்துதான் போவார். போன வாரம் பூப்பையோடு திரும்பி வரும்போது பின்னாலிருந்து மணியும் அடிக்காமல், குரலும் கொடுக்காமல் ஒரு சைக்கிள் நடைபாதையிலேயே வேகமாக வந்து, கைப்பிடி அவர் முழங்கையில் இடித்துவிட்டது. விழாமல் இருக்க டீக்கடை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். மல்லிகை எல்லாம் சாக்கடை மூடிமேல் சிதறிக் கிடந்தது. அந்தப் பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்லவேளை, வெறும் வீக்கம்தான்.

2003 முதல் நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்பதால் சில்லறைச் சரக்கெல்லாம் சைக்கிளில்தான் போகிறது, அது எனக்கும் புரிகிறது. சாலையில் கார் நெரிசலில் அவர்களுக்கும் பயம். அதற்காகக் கடைகள் போக ஓர் ஆள் நடக்கவே இடமில்லாத நடைபாதையில் ஏறி ஓட்டலாமா? இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் யாருக்கும் சிரமமில்லையே.

வார்டு அலுவலகத்துக்கு ஒரு மனு எழுத நினைக்கிறேன். பர்மிய மொழி எனக்குப் பேச வரும், முறையாக எழுத வராது. யாராவது எழுதித் தர முடியுமா? அப்புறம், "இறங்கித் தள்ளவும்" என்று பர்மியத்தில் சின்னப் பலகை வைக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? இதேபோல் அடிபட்டவர்கள் இருந்தால் எந்தத் தெரு, எந்த நேரம் என்று கீழே எழுதுங்கள், மனுவில் சேர்த்துக்கொள்கிறேன். அம்மா அடுத்த வெள்ளிக்கிழமையும் போகத்தான் போகிறார், நானும் கூடப் போகிறேன்.