ஒரு காதில் மட்டும் கேட்ட பாடல்

இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான கேங் ஆஃப் ஃபோரின் முதல் இசைத்தொகுப்பான ‘எண்டர்டெயின்மென்ட்!’, 1979இல் வெளிவந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்த நாட்களில், ஒரு பக்கம் பழுதான இயர்ஃபோன் வழியாகத்தான் அதை முதலில் கேட்டேன். அதே பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையில் படித்தவர்கள்தாம் பாடகர் ஜான் கிங்கும் கிதார் கலைஞர் ஆண்டி கில்லும் என்று வகுப்புத் தோழி சொன்னதே என்னைக் கேட்கத் தூண்டியது.

கடைசிப் பாடலான ‘ஆந்த்ராக்ஸ்’, கிதாரின் நீண்ட ஓலத்தோடு தொடங்கும். பிறகு காதலைக் கொடிய நோயாகக் கண்டு அஞ்சுகிற ஒருவனின் புலம்பலைக் கிங் பாடுவார். ஒரு வாரம் இதை மட்டுமே கேட்டு, கசப்பான காதல் பாட்டு என்றே எண்ணியிருந்தேன். தோழியின் அறையில் ஸ்பீக்கரில் அது ஒலித்தபோது, வெளியே யாரோ பேசுவதாக நினைத்து எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். நடைவழியில் யாரும் இல்லை. பேசியவர் கில். கிங் பாடிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், இசைக்குழுக்கள் ஏன் ஓயாமல் காதலையே பாடுகின்றன என்று, செய்தி வாசிப்பவரைப் போல ஏற்ற இறக்கமின்றி, என் இயர்ஃபோனில் பழுதாகியிருந்த மறுபக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்றிரவே முதல் பாடலான ‘ஈத்தர்’க்குத் திரும்பினேன். கிங் வசதியான வாழ்க்கையைப் பாடப் பாட, வட அயர்லாந்து மோதலில் கைதானவர்கள் அடைக்கப்பட்டிருந்த லாங் கெஷ் சிறையைப் பற்றிக் கில் இடையிடையே குறுக்கிடுகிறார். அரசியலைச் சொற்களில் மட்டும் வைக்காமல், ஒருவர் பாடுவதை மற்றவர் கேள்வி கேட்கும்படி பாட்டையே கட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. கில்லின் கிதாரில் எதிரொலியும் குழைவும் கிடையாது. தகரத்தைச் சீவுவது போன்ற அந்த வறண்ட ஒலி விட்டுத்தரும் இடைவெளியில்தான் இரு குரல்களும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கின்றன. ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொன்னதற்காகப் பாடாமலே வெளியேறியவர்கள் இவர்கள் என்பதைப் பின்னர் அறிந்தபோது வியப்பே ஏற்படவில்லை.

2020 பிப்ரவரி 1 அன்று கில் காலமானார். செய்தி அறிந்த இரவில், நல்ல இயர்ஃபோன் கையில் இருந்தும் ஒரு பக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் பேசும் பக்கத்தை மட்டும் காதில் பொருத்திக்கொண்டு ‘ஆந்த்ராக்ஸ்’ முழுவதையும் கேட்டேன்.