எலான்ட்ரா ஸ்டீயரிங்கில் ‘டொக் டொக்’: ரேக்கையே மாற்ற வேண்டுமா?

ஈசூன்வாசி

வணக்கம். கார் 2015ல் சிங்கப்பூரில் பதிவான ஹியுண்டாய் எலான்ட்ரா 1.6. 2025ல் சிஓஇயை (வாகன உரிமைச் சான்றிதழ்) 5 ஆண்டுக்குப் புதுப்பித்தாயிற்று, 2030 வரை ஓட வேண்டும்.

பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் எஞ்சின் ஓட, நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை விரற்கடை அளவு இடமும் வலமும் ஆட்டினால் ‘டொக் டொக்’. கையிலும் அந்த அதிர்வு தெரிகிறது. ஒரே பக்கமாக முழுசாக ஒடித்தால் சத்தம் இல்லை. அதோடு புளோக்குக்குள் நுழையும் ஹம்பில் (வேகத்தடையில்) 15, 20 கிமீ வேகத்தில் ஏறி இறங்கும்போது இடது முன்பக்கம் ‘கடக்’ என்கிறது. விரைவுச்சாலையில் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் இழுக்கவும் இல்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் தூக்கிப் பார்த்துவிட்டு ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங் திரும்பும்போது சக்கரங்களை இடவலமாகத் தள்ளும் பாகம்) போய்விட்டது, முழு செட் மாற்ற வேண்டும் என்கிறார்கள். சரிதானா?

ஸ்பேனர்14

இப்போதைக்கு ரேக்குக்கு முன்பணம் கட்டாதீர்கள். நீங்கள் எழுதியதில் இரண்டு சத்தம் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே காரணம் என்று வைத்துக்கொண்டால் தேவையில்லாத பாகத்தில்தான் போய் நிற்கும்.

முதல் சத்தத்துக்கு எனக்குச் சந்தேகம் பவர் ஸ்டீயரிங் மோட்டாரின் கப்ளிங் (இணைப்புத் துண்டு) மேல். இந்த வண்டியின் பவர் ஸ்டீயரிங்கில் எண்ணெய், பம்ப் எதுவும் கிடையாது. மோட்டார் ஸ்டீயரிங் காலத்திலேயே (ஸ்டீயரிங் வீலிலிருந்து கீழே இறங்கும் தண்டுப் பகுதி, column), உங்கள் முழங்காலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். மோட்டார் ஷாஃப்டுக்கும், அது சுழற்றும் வோர்ம் ஷாஃப்டுக்கும் (திருகுப் பல் தண்டு) நடுவே நட்சத்திர வடிவில் ஒரு சின்ன ரப்பர் துண்டு. அதிர்ச்சியைத் தாங்கத்தான் அது. வருஷக்கணக்கில் சூடு பட்டு இறுகி, பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பிறகு இரும்புப் பல்லும் பல்லும் நேராக முட்டும்.

சின்ன ஆட்டத்தில் மட்டும் ஏன் கேட்கிறது என்றால், ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் மோட்டார் அந்த இடைவெளியைத் தாண்டிப்போய் அடுத்த பல்லில் இடிக்கிறது. ஒரே பக்கம் ஒடிக்கும்போது பல் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு தள்ளுவதால் சத்தம் வராது. திருப்பு விசையை அளக்கும் டார்க் சென்சாரும் மோட்டாரும் நன்றாக வேலை செய்வதால் விளக்கும் எரியாது. ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு ‘ஃபால்ட் இல்லை’ என்று திருப்பி அனுப்பினால் வியப்பில்லை.

ரப்பர் முழுக்கக் கொட்டிப்போனாலும் ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இணைப்பு அறாது. கப்ளிங் வழியாக வருவது மோட்டாரின் உதவி மட்டும்தான். எரிச்சலூட்டும், கவிழ்த்துவிடாது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட் (பந்து மூட்டு) விஷயம் அப்படி இல்லை, அதனால் ஹம்ப் சத்தத்தை முதலில் பாருங்கள்.

மழைக்காலன்

ஹம்புக்கு ஒரு சோதனை, கருவியே வேண்டாம். அதே ஹம்பை ஒருமுறை இரு முன்சக்கரமும் ஒன்றாக ஏறும்படி நேராகக் கடந்து பாருங்கள். அடுத்த முறை ஒரு சக்கரம் முந்தி ஏறும்படி சாய்வாகக் கடந்து பாருங்கள். நேராக ஏறினால் ஸ்டெபிலைசர் பார் (இடது, வலது சக்கரப் பக்கங்களை இணைக்கும் கம்பி) முறுக்காது. சாய்வாக ஏறும்போது மட்டும் ‘கடக்’ கூடினால் அந்தப் பாரின் முனையில் இருக்கும் லிங்க் ராட், அல்லது பாரைப் பிடித்திருக்கும் புஷ் (ரப்பர் வளையம்). இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் ஷாக் அப்சார்பர் டாப் மவுண்ட் (மேல்முனைப் பிடிமானம்), லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) புஷ் பக்கம் போங்கள். பிரேக் பிடித்து நிற்கும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் ஒரு ‘தட்’ சேர்ந்து வந்தால் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்தான் முதல் குற்றவாளி.

டாப் மவுண்ட் பேரிங்கை வண்டி தரையில் நிற்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்ப, நீங்கள் சக்கர வளைவுக்குள் கைவிட்டுக் காயில் ஸ்பிரிங்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள். சுருளுக்குள் விரலை நுழைக்காதீர்கள், நசுங்கிவிடும். ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு சுற்றினால் நல்லது. முறுக்கிக்கொண்டு ‘டங்’ என்று துள்ளினால் பேரிங் போய்விட்டது.

ஸ்பேனர்14

மழைக்காலன் சொன்னதோடு ஒன்று. இடது சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி லிங்க் ராடை ஆட்டிப் பார்ப்பது வீண். ஒரு பக்கம் தூக்கினால் பார் முறுக்கேறி லிங்கின் பந்து ஒரு பக்கமாக அழுந்தி நிற்கும், ஆட்டம் தெரியாது. இரண்டு முன்சக்கரமும் தரையில், அல்லது இரண்டும் மேலே இருக்க வேண்டும்.

டை ராடுக்கு (ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டு), சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்து 3 மணி, 9 மணி இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் ரேக்கின் ரப்பர் உறைக்கு (பூட்) மேலே கை வைத்துப் பார்த்தால் உள் ராடா, வெளி எண்டா என்று தெரிந்துவிடும். பூட் கிழிந்திருந்தால் நம் ஊர் மழைக்கு உள்ளே தண்ணீர் போய்த் துரு பிடித்திருக்கும். பால் ஜாயிண்டுக்கு 12 மணி, 6 மணி, கூடவே லோயர் ஆர்மை லிவர் போட்டு நெம்பிப் பார்ப்பது. அதில் ஆட்டம் தெரிந்தால் வண்டியை அங்கேயே விடுங்கள், ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

இதெல்லாம் லிஃப்ட் உள்ள இடத்தில் செய்யுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடம் இந்த வேலைக்கு இடமில்லை.

ஈசூன்வாசி

சாய்வாக ஏறினால் சத்தம் இரட்டிப்பு. நேராக ஏறினால் ஏறக்குறைய இல்லை. லிஃப்டில் 3-9, 12-6 இரண்டிலும் ஆட்டம் இல்லை. இடது லிங்க் ராடின் மேல் பந்தில் ரப்பர் கிழிந்து க்ரீஸ் வற்றியிருக்கிறது, கையால் அசைத்தாலே லொட லொட. எஞ்சினை அணைத்து, ஸ்டீயரிங் லாக்கை விடுவித்து, பெடல் பக்கம் இருக்கும் யுனிவர்சல் ஜாயிண்டில் (தண்டுகளை இணைக்கும் மூட்டு) கை வைத்துப் பார்த்தோம். அதன் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒன்றாகவே திரும்புகின்றன.

ஸ்பேனர்14

அப்படியானால் ரேக்கை விட்டுவிடலாம்.

லிங்க் ராடை இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஒன்று மட்டும் மாற்றினால் மற்றது பின்னாலேயே வரும். நட்டைக் கழற்றும்போது நடுத் தண்டை ஆலன் கீயால் பிடித்துக்கொள்ளாவிட்டால் பந்து கூடவே சுற்றும். பழைய நட்டைத் திரும்பப் போடாதீர்கள். சக்கர நட்டு 88 முதல் 107 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில். ஏர் கன்னால் அடித்து இறுக்குவதை நின்று பார்த்துத் தடுங்கள்.

கப்ளிங் பொருள் மலிவு, கூலிதான் செலவு. ஸ்டீயரிங் காலத்தையே இறக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி 3 நிமிடமாவது காத்திருக்க வேண்டும், ஏர்பேக் இருக்கிறது. சக்கரங்களை நேராக வைத்து, யுனிவர்சல் ஜாயிண்டின் ஸ்ப்ளைனில் (தண்டின் பல்வரி) பெயிண்ட் கோடு போட்டுவிட்டுப் பிரியுங்கள். பிரித்த பிறகு ஸ்டீயரிங் வீல் இஷ்டத்துக்குச் சுற்றினால் உள்ளே இருக்கும் கிளாக் ஸ்பிரிங் (மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடா) அறுந்து ஹார்னும் ஏர்பேக்கும் போய்விடும். ஒரு கயிறு போட்டுக் கட்டிவையுங்கள். மோட்டாரைப் பிரித்ததும் உதிர்ந்த ரப்பர் தூளைச் சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும். பூட்டிய பின் ஸ்கேனரில் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரைப் பூஜ்ஜியப்படுத்த மறந்தால் ஈஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரியும்.

காக்கிபுக்கிட்

ஓர் எச்சரிக்கை. சத்தம் போக ரேக்கின் அடியில் உள்ள யோக் பிளக்கை (ரேக்கைப் பல்லோடு அழுத்திப் பிடிக்கும் திருகு) ‘கால் சுற்று இறுக்கிப் பார்ப்போம்’ என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். கூடுதலாக இறுகினால் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. சத்தத்தைவிட அது ஆபத்து.

10 ஆண்டு தாண்டிய வண்டி, சோதனை இனி வருஷா வருஷம். லிங்க் ராடை அதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். கப்ளிங் மட்டும் ஒரிஜினலாக இருக்கட்டும். 2030 வரை ஓடும் வண்டிக்கு ஸ்டீயரிங் காலத்தை இரண்டு முறை இறக்கக் கூலி கொடுப்பது வேண்டாத செலவு. லிங்க் ராட் நல்ல மாற்றுத் தயாரிப்பே போதும். அதை மறுபடி மாற்ற அரை மணிகூட ஆகாது.

ஈசூன்வாசி

டை ராடைத் தொடவில்லையே, அலைன்மெண்ட் வேண்டுமா?

மழைக்காலன்

லிங்க் ராடுக்கும் கப்ளிங்குக்கும் வேண்டாம். வண்டி நேராக ஓடும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றால் ஸ்ப்ளைனை ஒரு பல் தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை அலைன்மெண்டில் மறைக்க விடாதீர்கள், திரும்பப் பிரித்துப் பூட்டச் சொல்லுங்கள்.