பழுப்புக் கரடிக்குப் பத்து மீற்றரில் நின்று படம் எடுக்கலாமா?

வெள்ளவத்தையான்:
அடுத்த ஜூலையில் அலாஸ்காவுக்குப் போகிறேன். வன்கூவரில் இருக்கும் அத்தானும் வருகிறார். கட்மாய் தேசியப் பூங்காவின் புரூக்ஸ் அருவியில் சல்மன் பிடிக்கும் பழுப்புக் கரடிகளைப் படம் எடுக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கரடியை 50 யாருக்குள், அதாவது சுமார் 45 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது என்பது பூங்கா விதி. ஆனால் கரையோரக் குடாக்களுக்குச் சிறு விமானத்தில் அழைத்துப்போகும் வழிகாட்டி ஒருவர், "பத்து மீற்றரில் நின்று எடுக்கலாம், பொறுப்பு என்னுடையது" என்று எழுதியிருக்கிறார். என் கையில் இருப்பது 400 மி.மீ. லென்ஸ். அவருடன் போகலாமா?

நிழல்பிடிப்பான்:
தயங்காமல் போங்கள் தம்பி. தூரத்திலிருந்து நீண்ட லென்ஸில் எடுத்த கரடிப் படங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பின்னணி கரைந்துவிடும், கரடி எந்த ஆற்றில் நிற்கிறது என்பதுகூடத் தெரியாது. அருகில் நின்று அகன்ற லென்ஸில் எடுத்தால்தான் கரடியும் அதன் ஆறும் மலையும் ஒன்றாக வரும். ஆபத்து என்று பயமுறுத்துவார்கள். அலாஸ்காவிலேயே மக்நீல் ஆற்றுச் சரணாலயம் இருக்கிறது. குலுக்கலில் தெரிவாகும் பத்துப் பேர் மட்டுமே ஒரு நாளில் ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். கரடிகள் அவர்களுக்குச் சில மீற்றர் அருகிலேயே மீன் தின்னும், குட்டிக்குப் பால் கொடுக்கும். 1973இல் அனுமதி முறை வந்த பிறகு அங்கே ஒரு பார்வையாளரையும் கரடி காயப்படுத்தியதில்லை. நெருக்கமே ஆபத்து என்றால் இது எப்படி நடக்கும்?

பாலைமரம்:
மக்நீலை உதாரணம் காட்டுகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். அங்கே மனிதர் கரடியைத் தேடிப் போவதில்லை. ஒரே பாதை, ஒரே சரளைத் திட்டு, ஆண்டுக்கணக்காக மாறாத ஒழுங்கு. கூட வருபவர் துப்பாக்கி வைத்திருக்கும் அரசு ஊழியர். ஒரு துண்டு உணவுகூடக் கரடிக்குக் கிடைக்க விடமாட்டார்கள். இந்த மனிதர்கள் எங்கே இருப்பார்கள், என்ன செய்வார்கள் என்பது கரடிக்குத் தெரியும். அருகில் வருவதா, விலகிப் போவதா என்பதை அது தீர்மானிக்கிறது. வெள்ளவத்தையானுக்கு வந்த பதிலிலோ பத்து மீற்றர் என்று முன்கூட்டியே பேசி முடித்தாகிவிட்டது. கரடி வராவிட்டால் இவர்கள் அதனிடம் போவார்கள். வேறு எந்த வழியில் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியும்?

நிழல்பிடிப்பான்:
அடுத்து ஹொஷினோ, டிரெட்வெல் என்று தொடங்குவீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். ஜப்பானியப் படப்பிடிப்பாளர் மிச்சியோ ஹொஷினோ 1996 ஆகஸ்டில் ரஷ்யாவின் கம்சட்காவில், குரில் ஏரிக்கரையில் கரடி தாக்கி இறந்தார். இரவில், கூடாரத்தில் படுத்திருந்தபோது. கோடைதோறும் கரடிகளிடையே போய்த் தங்கிய அமெரிக்கர் டிமொதி டிரெட்வெல்லும் அவருடைய துணைவி ஏமி ஹியூகனார்டும் 2003 ஒக்டோபரில் கட்மாயில் கரடியால் இறந்தார்கள். அவர்களும் கூடாரம் அடித்துத் தங்கியிருந்த இடத்தில்தான். அதுவும் கரடிகள் குளிர்கால உறக்கத்துக்கு முன் கடைசித் தீனி தேடி அலையும் காலத்தில். பகல் வெளிச்சத்தில், ஆறு நிறைய மீன் ஓடும் ஜூலையில், வழிகாட்டியோடு நிற்பவரை இந்த மரணங்களோடு சேர்ப்பது நியாயமே இல்லை.

பாலைமரம்:
ஹொஷினோ கரடியை அறியாதவரா? பல ஆண்டுகள் அலாஸ்காவிலேயே வாழ்ந்து அவற்றைப் படம் எடுத்தவர். அவரைக் கொன்ற கரடிக்கு அதற்கு முன்பே வேறொருவர் தீனி போட்டுப் பழக்கியிருந்தார். உங்களுக்கு முன் வந்தவர் என்ன செய்துவிட்டுப் போனார் என்பது உங்களுக்குத் தெரியாது, கரடி மறக்காது. புத்தள–கதிர்காம வீதியில் யானை ஏன் வாகனத்தை மறிக்கிறது? யாரோ பழம் நீட்டினார்கள். இப்போது அடுத்து வருகிற யாத்திரிகரின் யன்னலுக்குள் தும்பிக்கை நுழைகிறது.

கடைசியில் சாவது விலங்கும்தான். டிரெட்வெல் இறந்த இடத்துக்குப் போன காவலர்கள் இரண்டு கரடிகளைச் சுட வேண்டியதாயிற்று. ஜப்பானின் ஹொக்கைடோத் தீவில் உள்ள ஷிரெடொக்கோவில் சுற்றுலாப் பயணி கொடுத்த சொசேஜைத் தின்று மனிதருக்குப் பழகிய கரடி ஒன்று, பாடசாலைக்குப் பக்கத்தில் வந்தபோது சுடப்பட்டது. ஜப்பானின் இயற்கைப் பூங்காச் சட்டம் 2022 முதல் கரடி போன்ற விலங்குகளுக்குத் தீனி போடுவதையும் அவற்றை வேண்டுமென்றே நெருங்குவதையும் தடுக்கிறது. அபராதம் மூன்று இலட்சம் யென் வரை. நெருங்குவதையும் தீனி போடுவதையும் ஒரே சட்டத்தில் வைத்திருக்கிறார்கள், கவனியுங்கள்.

தெஹிவளைத் தங்கை:
நிழல்பிடிப்பான் அண்ணா, கரடி கர்ஜிக்கிறது என்று இணையத்தில் சுற்றும் படங்களை உற்றுப் பாருங்கள். வாய் அகலத் திறந்திருக்கும், கீழுதட்டிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்கும். பல படங்களில் அது வெறும் கொட்டாவி. தூக்கத்தால் வந்த கொட்டாவியும் அல்ல. நெருக்கடியில் இருக்கும் கரடி கொட்டாவி விடும், எச்சில் வடிக்கும், பற்களை அடித்து ஒலி எழுப்பும், முன்கால்களை விறைத்து நிற்கும். அருமையான தருணம் என்று நாம் பொத்தானை அழுத்துகிறோம். விலகிப் போ என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது.

வெள்ளவத்தையான் அண்ணாவுக்கு லென்ஸ் கணக்கு: முழுச்சட்ட (full-frame) கமராவில் 600 மி.மீ. லென்ஸ், 45 மீற்றர் தூரத்தில் 2.7 மீற்றர் அகலத்தைப் பிடிக்கும். வளர்ந்த ஆண் கரடியின் உடல் நீளமே இரண்டு மீற்றருக்கு மேல். படச்சட்டம் நிறைந்துவிடும். உங்கள் 400 மி.மீ. லென்ஸை 1.5 மடங்கு சிறிய உணரி (sensor) உள்ள கமராவில் போட்டாலும் அதே 2.7 மீற்றர்தான். பல இலட்சம் ரூபாய்க்குப் புது லென்ஸ் வாங்கத் தேவையில்லை. ஒரு கமரா உடலை இரவல் கேட்டாலே போதும்.

நிழல்பிடிப்பான்:
கணக்கு சரி தங்கச்சி. ஆனால் படச்சட்டம் நிறைந்தால் மட்டும் படமாகிவிடாது. ஆறு எங்கே, மலை எங்கே என்றுதான் கேட்டேன். கரடியையே காணாத கொழும்புப் பிள்ளைக்கு அதன் மேல் பற்று வர வேண்டுமென்றால் அப்படிப்பட்ட படம் வேண்டும். இன்னொன்றையும் கேட்கிறேன். ஜூன், ஜூலையில் வில்பத்துவிலும் யாலவிலும் பாலைப்பழம் பழுக்கும்போது நம் கரடி மரமேறினால் எத்தனை ஜீப் சுற்றி நிற்கிறது? அலாஸ்கா போகிறவருக்குப் புத்தி சொல்கிறவர்கள் அங்கே வாய் திறப்பதில்லையே.

பாலைமரம்:
நான் திறக்கிறேன். ஜீப் சாரதியின் முகத்துக்கு நேரே சொல்லிச் சண்டையும் பிடித்திருக்கிறேன். பாலை மரத்தில் கரடி கிளையை அணைத்துக் கிடந்து, நீண்ட உதட்டால் பழத்தை ஒவ்வொன்றாகக் கவ்வும். கீழே எஞ்சின் உறுமியதும் தின்பது நிற்கும். நகத்தைப் பட்டையில் பதித்து, அடிமரத்தைப் பார்த்தபடி அசையாமல் இருக்கும். இறங்கும் வழியில் நாம் நிற்கிறோம். அது யாரையும் தாக்கவில்லை, ஆகவே எல்லாம் நலம் என்று திரும்பி வருகிறோம். அது தின்னாமல் விட்ட பழம் எவருடைய கணக்கிலும் இல்லை. வட நாட்டுக் கரடிக்கு இந்த நட்டம் இன்னும் பெரிது. குளிர்கால உறக்கத்தில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை கரைந்துவிடும். அதை ஈடுகட்டச் சில மாதங்களே உண்டு. மனிதரைக் கண்டு மீன் பிடிக்கும் இடத்தை விட்டு விலகும் தாய்க் கரடியின் குட்டிகளும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியாக வேண்டும்.

ஆறும் மலையும் வேண்டுமென்றால் புரூக்ஸ் அருவியின் பார்வையாளர் மேடையில் நின்று சிறிய லென்ஸால் எடுங்கள். மேடையில் 40 பேருக்கு மேல் விடமாட்டார்கள், கூட்டம் மிகுந்தால் ஆளுக்கு ஒரு மணி நேரம்தான். கரடிகள் மேடையைப் பொருட்படுத்தாமல் மீன் பிடிக்கும்.

வெள்ளவத்தையான்:
கரடி வராவிட்டால் என்ன செய்வோம் என்று வழிகாட்டியிடம் கேட்டு எழுதினேன். "மெல்ல மெல்ல நெருங்குவோம், எல்லாம் பழகிய கரடிகள்" என்று பதில் வந்தது. முன்பணம் கட்டப் போவதில்லை.

நிழல்பிடிப்பான்:
அந்தப் பதில் எனக்கும் பிடிக்கவில்லை, அவரை விடுங்கள். ஆனால் ஒரு வழிகாட்டி மோசம் என்பதால் நெருக்கமே குற்றம் ஆகிவிடாது. கரையோரத்தில் ஓரிடத்தில் அமர்ந்து கரடி தானாக வரும்வரை காத்திருக்கும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். அப்படி ஒருவரைத் தேடுங்கள். கரடி தன் விருப்பத்தில் பத்து மீற்றருக்கு வந்தால் எடுக்கத்தான் வேண்டும்; இதில் நான் பாலைமரத்தோடு ஒத்துப்போகப் போவதில்லை.

பாலைமரம்:
வேறு வழிகாட்டியைத் தேடுவதற்கு முன் மக்நீலுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் மார்ச் 1க்குள் போய்ச் சேர வேண்டும். குலுக்கலில் பெயர் விழாவிட்டால் புரூக்ஸ் மேடை போதும், பத்து மீற்றர் வேண்டாம்.