ஜாடியில் அடைத்து வைப்பது சிக்கனமா, சிக்கனம் மாதிரியா?

ஜாடிக்காரி

மளிகைச் செலவு ஏறுகிறது என்று எல்லாரும் புலம்புகிறோம், ஆனால் மலிவாகக் கிடைக்கிற நாட்களை யாரும் பிடித்து வைப்பதில்லை. தக்காளி குவிந்து கிடக்கும்போது மொத்தமாக வாங்கி, கண்ணாடி ஜாடியில் அடைத்து, கொதிநீரில் வைத்து எடுத்து மூடி இறுகிவிட்டால் ஒரு வருஷம் அலமாரியில் நிற்கும். ஃப்ரிட்ஜ் வேண்டாம், கரண்ட் வேண்டாம். தக்காளி, பழக்கூழ், ஜாம், வினிகர் ஊறுகாய் எல்லாம் நான் இப்படித்தான் வைக்கிறேன். வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு நாக்கு, ஆனாலும் மாதக் கடைசியில் என்ன சமைப்பது என்று விழிக்கிற நிலைமை வருவதில்லை. வீட்டுக்கு வீடு இப்படி ஜாடியில் அடைக்கிற கேனிங் செய்தாலே பாதி இழுபறி தீரும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குநோட்டு

வந்துவிட்டேன். தக்காளி மலிவு என்பது உங்கள் கணக்கின் முதல் வரி மட்டும்தான் அக்கா, மிச்ச வரிகளை யார் எழுதுவது? ஜாடி, மூடி, கேஸ், எலுமிச்சைச் சாறு, அப்புறம் உங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக. தோலுரித்த தக்காளியைத் தண்ணீர் சேர்க்காமல் பச்சையாக அடைத்தால் கொதிநீரில் 85 நிமிடம் வைக்கச் சொல்கிறது அமெரிக்க வேளாண் துறையின் வழிமுறை. நசுக்கிச் சூடாக அடைத்தாலும் அரை லிட்டர் ஜாடிக்கு 35 நிமிடம், ஒரு லிட்டருக்கு 45. அதுவும் கொதி வந்த பிறகு எண்ணத் தொடங்குகிற நிமிடங்கள்; அவ்வளவு பெரிய பாத்திரத்துத் தண்ணீர் கொதிக்கிற வரை எரிகிற கேஸ் தனி. தகர மூடியின் உள்விளிம்பில் இருக்கிற ரப்பர் பூச்சு ஒரு முறைதான் நம்பி இறுகும், அடுத்த முறைக்குப் புது மூடி. மூடியின் மேலே திருகுகிற வளையத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். இதையெல்லாம் கூட்டிய பிறகும் கடையில் விற்கிற தக்காளி டப்பாவைவிட உங்கள் ஜாடி மலிவு என்று எழுதிக் காட்ட முடியுமா?

பழையகை

85 நிமிடமாவது ஒன்றாவது! நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு நிமிடம் நிறைய இருக்கும். எங்கள் வீட்டில் பீன்ஸ், பட்டாணி, இறைச்சி எல்லாமே கொதிக்கக் கொதிக்க ஜாடியில் ஊற்றி, மூடி, கவிழ்த்து வைத்துவிடுவோம். ஆறினதும் மூடி உள்ளே இழுத்துக்கொண்டால் வேலை முடிந்தது, கேஸும் மிச்சம். இந்த முறையைக் கொண்டுவந்த பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அப்பேர் பட்டாணியையும் இறைச்சியையும் வெறும் கொதிநீரில்தான் வைத்தார், அதற்கு 1810இல் அவர் நாட்டு அரசு 12,000 பிராங்க் கொடுத்தது. அவரிடம் பிரஷர் மீட்டரா இருந்தது?

நுண்ணோக்கி

பழையகை அண்ணே, பீன்ஸையும் பட்டாணியையும் இறைச்சியையும் அப்படி அடைப்பதை முதலில் நிறுத்துங்கள், மற்ற சண்டையை அப்புறம் போடலாம். உணவு பதப்படுத்துதல் படித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள், அதாவது விதை மாதிரி உறங்கிக் கிடக்கிற அதன் வடிவம், மண்ணில் இருக்கின்றன, மண்ணில் இருப்பது காய்கறியிலும் ஒட்டிக்கொண்டு வரும். அந்த வித்துகள் 100 டிகிரியில் மணிக்கணக்கில் கொதித்தாலும் சாகாமல் கிடக்கும். காற்று இல்லாத, ஈரமான, புளிப்பு குறைந்த இடத்தில் அறை வெப்பத்தில் விட்டால் முளைத்து நஞ்சைக் கக்கும், அது நரம்புகளைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்க வைக்கும், மூச்சு விடுகிற தசைகளையும் சேர்த்துத்தான். நீங்கள் சூடாக ஊற்றி, காற்றை வெளியேற்றி, அலமாரியில் வைக்கிற பீன்ஸ் ஜாடியில் அதற்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. மூடி உள்ளே இழுத்துக்கொண்டது என்றால் வெளிக்காற்று புகாது, அவ்வளவுதான்.

புளிப்பை அளக்கிற எண்ணுக்குப் பிஎச் என்று பெயர், எல்லைக்கோடு பிஎச் 4.6. அதற்குக் கீழே, அதாவது புளிப்பு அதிகமாக இருந்தால், வித்து முளைக்காது. பெரும்பாலான பழங்களும் ஜாமும் 5 சதவீத வினிகரில் முறையாகப் போட்ட ஊறுகாயும் இந்தப் பக்கம், கொதிநீர் போதும். பீன்ஸ், பட்டாணி, சோளம், கிழங்கு, இறைச்சி, மீன் எல்லாம் அந்தப் பக்கம். அவற்றுக்கு 116 முதல் 121 டிகிரி வரை வேண்டும், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அந்தச் சூட்டுக்குப் போகவே போகாது, ஆவியை அடைத்து அழுத்தம் ஏற்றுகிற பிரஷர் கேனர் வேண்டும். உயரமான ஊர் என்றால் இன்னும் மோசம், 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும்.

அப்பேருக்குத் தன் முறை ஏன் வேலை செய்கிறது என்று தெரியாது. காற்று போனதால்தான் கெடவில்லை என்று அக்காலத்து அறிவியலாளர்களே நம்பினார்கள், நுண்ணுயிர்தான் காரணம் என்று பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் காட்டியது 1860 வாக்கில், அதற்குள் அப்பேர் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. அவரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

பழையகை

பெரிய பெரிய பெயர் சொல்லிப் பயமுறுத்துவது சுலபம். இத்தனை வருஷம் சாப்பிட்டோம், வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜாடியைத் திறந்ததும் முகர்ந்து பார்ப்போம், நன்றாகக் கொதிக்கவிட்டுத்தான் தட்டில் போடுவோம்.

நுண்ணோக்கி

முகர்ந்து பார்ப்பதை நம்பாதீர்கள், அந்த நஞ்சு வாசனையிலும் நிறத்திலும் காட்டிக் கொடுக்காமலே இருக்கலாம். கொதிக்கவிடுவது நல்ல வேலை, வித்து சாகாவிட்டாலும் நஞ்சு 10 நிமிடக் கொதியில் சிதைந்துவிடும். உங்கள் வீட்டில் இதுவரை ஒன்றும் ஆகாததற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். ஆனால் அது கடைசி வேலி. நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் பசியோடு வருகிற பிள்ளை கரண்டியை விட்டு அப்படியே இரண்டு வாய் சாப்பிட்டால் அந்த வேலியும் இல்லை.

ஜாடிக்காரி அக்காவுக்கும் ஒரு வார்த்தை: தக்காளி 4.6க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஊசலாடுகிற காய். அரை லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு லிட்டருக்கு இரண்டு என்று பாட்டில் எலுமிச்சைச் சாறு சேர்க்கிறீர்களா? பிழிந்த சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும், பாட்டிலில் வருவது ஒரே அளவாக இருக்கும்.

ஜாடிக்காரி

சேர்க்கிறேன் தம்பி. பீன்ஸ் பக்கமே நான் போவதில்லை, புளிப்புள்ளதை மட்டும்தான் அடைக்கிறேன். அதற்கு ஆழமான பாத்திரம் ஒன்று, அடியில் ஜாடி நேராக உட்காராமல் இருக்க ஒரு தட்டு, இவ்வளவுதான் சாமான். ஜாடியை ஒரு முறை வாங்கினால் உடைகிற வரை உழைக்கும். கணக்குநோட்டு அதை ஒரே பருவத்தின் தலையில் கட்டுகிறார்.

புதுக்குடித்தனம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வீட்டில் இருக்கிற சாதாரண பிரஷர் குக்கரில் ஜாடியை வைத்துப் பீன்ஸ் அடைக்கலாமா? அதுவும் 100 டிகிரிக்கு மேலே போகிறதே.

நுண்ணோக்கி

சூடு போகும், ஆனால் கணக்கு பொருந்தாது. கேனிங் நேரங்கள் பெரிய பிரஷர் கேனரில் சோதித்து எழுதப்பட்டவை, அது மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். அந்த ஏறுகிற இறங்குகிற நேரத்திலும் வித்துகள் சாகின்றன, அதையும் சேர்த்துத்தான் நிமிடம் குறித்திருக்கிறார்கள். சின்னக் குக்கர் சட்டென்று ஏறிச் சட்டென்று ஆறிவிடும், அதே நிமிடம் வைத்தாலும் உள்ளே சேர்கிற சூடு குறைவு. ஒரு லிட்டர் ஜாடி குறைந்தது நான்கு நிற்கிற அளவு இல்லாத பாத்திரத்தைக் கேனிங்குக்குப் பயன்படுத்த வேண்டாம் என்பதுதான் வழிமுறை. கேனரிலும் மூடியதும் பிரஷர் ஏற்றக்கூடாது, 10 நிமிடம் ஆவியை விட்டு உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்ற வேண்டும், காற்று தங்கினால் மீட்டர் காட்டுகிற அழுத்தத்துக்கு உரிய சூடு உள்ளே இருக்காது. உங்களுக்குப் பீன்ஸ்தான் வேண்டும் என்றால் ஃப்ரீசரில் போடுங்கள்.

கணக்குநோட்டு

ஆக, கேனர் ஒன்று தனியாக வாங்க வேண்டும். சிக்கனம் செய்வதற்கு எவ்வளவு செலவு பார்த்தீர்களா!

சமையல்கட்டு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், எல்லாரும் ஜாடியைச் சுற்றியே நிற்கிறீர்கள். பணம் போகிற இடம் குப்பைத் தொட்டி. 2022இல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்குச் சொல்கிறது. கடையும் ஓட்டலும் சேர்ந்தாலும் நம் அளவுக்கு வரவில்லை. வாங்கியதை ஒழுங்காகச் சாப்பிட்டு முடிக்கத் தெரியாத வீட்டில் அலமாரி நிறைய ஜாடி அடுக்கி என்ன பயன்?

எங்கள் வீட்டில் வாரத் திட்டம் போடுவது கடைப் பட்டியலிலிருந்து இல்லை, ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பதிலிருந்து. எது முதலில் வாடுமோ அதற்கு முதல் நாள். கீரை, காளான், நறுக்கி மிச்சமான காய் எல்லாம் வாரத் தொடக்கத்தில், கேரட், முட்டைக்கோஸ், கிழங்கு எல்லாம் கடைசியில். ஏழு நாளுக்கும் சமையல் எழுதுவதில்லை, நான்கைந்து நாளுக்குத்தான், மிச்ச நாட்கள் மிச்சம் மீதிக்கு. ஏழு நாளும் எழுதி வைத்தவர்கள் புதன்கிழமை யாராவது வெளியே சாப்பிட்டு வந்தாலே தடுமாறிப் போவார்கள், அந்த நாள் சாமான் அழுகும். காய்ந்த பயறை ஒரே தடவை பெரிதாக வேகவைத்து, ஒரு நாள் குழம்பு, ஒரு நாள் சாலட், மிச்சம் ஃப்ரீசர். ஒரு எச்சரிக்கை மட்டும்: சிவப்புக் கிட்னி பீன்ஸ் என்றால் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். மெதுவாகச் சூடேறுகிற மின்சாரப் பாத்திரத்தில் நேரடியாகப் போட்டால் அதில் இருக்கிற நச்சுப் புரதம் அழியாது, வயிற்றைப் புரட்டிவிடும்.

கணக்குநோட்டு

உங்கள் கட்சிதான் என் கட்சியும், இருந்தாலும் அந்த 105 கோடியில் தோல், எலும்பு, கொட்டை எல்லாம் அடக்கம் என்பதையும் சொல்லுங்கள். எல்லாமே தின்னக்கூடியது இல்லை.

ஜாடிக்காரி

சமையல்கட்டு மேடம், ஃப்ரீசர் ஃப்ரீசர் என்கிறீர்களே, கரண்ட் போனால்? திறக்காமல் வைத்தால் நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம், அதற்குப் பிறகு மொத்தமும் உருகி நிற்கும். வருஷம் முழுக்க அது தின்கிற கரண்டைக் கணக்குநோட்டு ஏன் எழுதவில்லை? என் ஜாடிக்கு ஒரு நாள் கேஸ், அப்புறம் செலவே இல்லை. ஃப்ரீசருக்குள் போன பொட்டலம் எது என்று தெரியாமல் ஆறு மாதம் கழித்துத் தூக்கிப் போடுகிற வீடுகள் எத்தனை! ஜாடி கண்ணாடி, உள்ளே இருப்பது தெரியும்.

சமையல்கட்டு

பொட்டலத்தில் பெயரும் தேதியும் எழுதாதது ஃப்ரீசரின் குற்றமா? பையைத் தட்டையாக்கி உறையவைத்து, புத்தகம் போல நிமிர்த்தி அடுக்கினால் எல்லாம் தெரியும். காயைக் கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு உடனே ஐஸ் தண்ணீரில் ஆற்றி வைத்தால் நிறமும் ருசியும் நிற்கும், ஏனென்றால் உறைந்த பிறகும் நொதிகள் மெல்ல வேலை செய்துகொண்டே இருக்கும். ஃப்ரீசர் எப்படியும் ஃப்ரிட்ஜோடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கு நான் தனியாகக் கரண்ட் எழுத மாட்டேன்.

கேட்க வேண்டியது வேறு. அடைக்கிற அந்த ஞாயிற்றுக்கிழமை யாருடையது? ஐந்து பேர் சாப்பிடுகிற ஜாடிக்கு ஒருவர் மட்டும் நாள் முழுக்கத் தோல் உரித்து, ஜாடி கழுவி, கொதிநீர் முன்னால் வேர்த்துக்கொண்டு நின்றால், அந்த உழைப்புக்குப் பூஜ்யம் போட்டுவிட்டு மலிவு என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் வாரத் திட்டத்தைப் பிள்ளைகளே எழுதுகிறார்கள், எழுத்துப் பிழையோடு.

ஜாடிக்காரி

பூஜ்யம் போடவில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்துதான் உரிக்கிறோம், பேசிக்கொண்டே. அந்த நேரத்துக்குக் கூலி போட்டால் தினசரிச் சமையலுக்கும் போட வேண்டும், அப்படிப் பார்த்தால் எந்த வீட்டுச் சாப்பாடும் மலிவில்லை. இன்னொன்று, தோட்டத்தில் மரமோ செடியோ இருக்கிறவர்களுக்கு ஒரே வாரத்தில் காய்த்துக் கொட்டும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது போக மிச்சத்தை என்ன செய்வது?

கணக்குநோட்டு

சொந்தத் தோட்டத்து விளைச்சல் என்றால் அடையுங்கள், அங்கே நான் குறுக்கே நிற்க மாட்டேன், சரக்குக்கு விலையே இல்லை. விலை கொடுத்து வாங்கி அடைப்பதைத்தான் சிக்கனம் என்று சொல்லாதீர்கள் என்கிறேன். ருசிக்காக என்று சொல்லுங்கள், சர்க்கரையும் உப்பும் நம் கையில் இருக்கிறது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஒரு கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் வேண்டும்: போன பருவத்தில் அடைத்ததில் இன்னும் திறக்காமல் நிற்பது என்னென்ன?

ஜாடிக்காரி

ஜாம் வரிசையாக நிற்கிறது, யாரும் தொடுவதில்லை. தக்காளி எப்போதோ தீர்ந்துவிட்டது. இந்தத் தடவை ஜாமைப் பாதியாக்கிவிட்டுத் தக்காளியைக் கூட்டப் போகிறேன். மூடிச் செலவையும் எழுதி வைக்கிறேன், ஆனால் உங்கள் கட்சிக்கு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

பழையகை

நிற்கிற ஜாமில் இரண்டு ஜாடி இந்தப் பக்கம் அனுப்புங்கள். அந்தக் கேனர் எத்தனை ஜாடி கொள்ளும் தம்பி?