தாம்பரம் டூ ஊட்டி, காரில், இரண்டு வாண்டுகளுடன்: ராத்திரியா, விடியற்காலையா?

தாம்பரத்து அம்மா:
மே இரண்டாவது வாரம் ஊட்டிக்குக் காரிலேயே போவதென்று வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். பெரியவனுக்கு 5 வயது, சின்னவளுக்கு ஒன்றே முக்கால். கூடவே மாமியார். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் பிள்ளைகள் தூங்கிவிடும், விடியும்போது மேட்டுப்பாளையம் என்பது அவர் கணக்கு. எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. போன வருஷம் ஏற்காடு போனபோது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் பெரியவன் வாந்தி எடுத்தான், அதுவும் பின்சீட்டிலிருந்து குறிபார்த்து அவன் அப்பாவின் காலருக்குள். இன்னும் பதினொரு வளைவு பாக்கி. காரில் அந்த வாடை போக ஒரு மாதம் ஆனது.

ராத்திரி ஓட்டம் சரிவருமா? வாந்திக்கு என்ன செய்வது? சின்னவளை மடியிலேயே வைத்துக்கொண்டால் போதுமா?

குரோம்பேட்டை டிரைவர் அப்பா:
அக்கா, ராத்திரி ஓட்டம் வேண்டவே வேண்டாம். நானும் அதே கணக்குப் போட்டவன்தான். பிள்ளைகள் தூங்கினார்கள், உண்மை. ஆத்தூர் தாண்டி மூன்றரை மணிக்கு எனக்கும் கண் சொக்கியது. ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எப்படியோ மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் ஃபுல் சார்ஜில் எழுந்து குதிக்கிறார்கள், மலை ஏற வேண்டிய நான் பிணம் மாதிரி இருக்கிறேன். அன்று முழுக்க லாட்ஜ் அறையில் தூங்கியதுதான் ஊட்டி.

அதற்கடுத்த முறை காலை நாலரைக்குக் கிளம்பினோம். விழுப்புரம் பக்கம் இட்லி, மதியத்துக்குள் சேலம். அப்புறம் அவசரமே இல்லை. மேட்டுப்பாளையத்தில் ராத்தங்கல், மறுநாள் காலையில் மலை. குன்னூர் போய்ச் சேர்வதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, அவ்வளவுதான். வெறும் வயிறும் ஆகாது, பூரியும் ஆகாது.

வாந்திக்கு முதல் எதிரி செல்போன். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்கிறது, திரையைப் பார்க்கிற கண் ‘இல்லையே’ என்கிறது. இந்தச் சண்டையில்தான் குமட்டல். பெரியவனைப் பின்சீட்டில் நடுவில் உட்கார வைத்து, முன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். என் மகனுக்கு ‘எதிரே வருகிற பஸ்ஸை எண்ணு’ என்று வேலை கொடுப்பேன். சின்னவளைப் பற்றிக் கவலை வேண்டாம், இரண்டு வயதுக்குள் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

அப்படியும் வந்தால்? கேரி பேக் கொடுக்காதீர்கள், அதில் எப்போதும் ஓட்டை இருக்கும். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா, மூடியோடு. பிடித்து, மூடி, காலடியில் வைத்துவிட்டால் வாடையும் வராது, நடு வளைவில் வண்டியையும் நிறுத்த வேண்டாம். மாற்றுச் சட்டை டிக்கியில் இருந்தால் பிரயோஜனமில்லை, கைக்கெட்டுகிற பையில் இருக்கட்டும். அப்பாவுக்கும் ஒன்று!

நீலகிரிக்குள் வண்டி நுழைய இ-பாஸ் வேண்டும், மறக்காமல் எடுங்கள், 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள், சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை. சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக்குவது வழக்கம், அதையும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெல்ட் போடுங்கப்பா:
மடியில் கூடாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதினால், 10 கிலோ பிள்ளையை எந்த அம்மாவின் கையாலும் பிடித்து வைக்க முடியாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லையென்றால் 1000 ரூபாய் அபராதம். சின்னவளுக்கு முகம் காரின் பின்பக்கம் பார்க்கிற குழந்தை இருக்கை, பெரியவனுக்கு பூஸ்டர், அதாவது பெல்ட் சரியாகப் படும்படி உயர்த்தி உட்கார வைக்கிற இருக்கை. குரோம்பேட்டை அண்ணன் நடுசீட் என்கிறார். அங்கே தோளுக்கும் சேர்த்து வருகிற பெல்ட் இருந்தால் மட்டும். இடுப்பு பெல்ட் மட்டும்தான் என்றால் பூஸ்டர் ஜன்னலோரம்தான். பெல்ட்டா, வாந்தி வராமல் இருப்பதா என்றால் நான் பெல்ட்டைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

மதுரைப் பாட்டி:
எல்லாரும் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். மாமியாரை முன்சீட்டில் உட்கார வை கண்ணு, எங்கள் முட்டி பின்சீட்டில் மடங்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பெட்ரோல் பங்க் பார்த்து நிறுத்தச் சொல். ‘பாத்ரூம் போகணும்’ என்று மகனிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தண்ணீரே குடிக்காமல் வருவோம்.

தாம்பரத்து அம்மா:
எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். ஆத்தூர் கதையில் முகம் மாறியது. விடியற்காலை என்று ஒப்புக்கொண்டார். கார் சீட் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போகிறோம். மாமியார் இப்போதே இரண்டு ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவிக் காயவைத்துவிட்டார். ஒன்று அவருக்காம்.