பாதிக்கப்பட்டவரை நம்புவதும் செய்தியைச் சரிபார்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையா?

கேள்வி – இதழியல் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ் 2014 நவம்பரில் வெளியிட்டு, 2015 ஏப்ரலில் திரும்பப் பெற்ற வர்ஜீனியா பல்கலைக்கழகக் கட்டுரையை வகுப்பில் படித்தோம். 2012 செப்டம்பரில், ஃபிரட்டர்னிட்டி எனப்படும் ஆண் மாணவர் கழகம் ஒன்றின் இல்லத்தில் நடந்த விருந்தில், முதலாமாண்டு மாணவி ஒருவரைப் பலர் சேர்ந்து வன்கொடுமை செய்ததாக அது கூறியது. அதற்கு ஆதாரம் ஏறத்தாழ அவர் சொன்னது மட்டுமே. அவர் மனம் மேலும் புண்படக் கூடாது என்பதற்காகவே பலவற்றை வற்புறுத்திக் கேட்கவில்லை என்று இதழின் தரப்பு பின்னர் விளக்கியது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் வற்புறுத்தியிருக்க மாட்டேன் என்றே தோன்றுகிறது. அப்படியானால் பிழை எங்கே நேர்ந்தது?

பதில் 1 – முன்னாள் துணையாசிரியர்:

பிழை கனிவில் இல்லை, அம்மா. இதழே கேட்டுக்கொண்டதன் பேரில் கொலம்பியா பல்கலைக்கழக இதழியல் பள்ளி ஆய்வு செய்து 2015 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால், அந்த மாணவியைச் சிறிதும் வருத்தாமல் செய்திருக்கக்கூடிய வேலைகளே செய்யப்படாமல் போனது தெரியும். அன்றிரவு அவரைச் சந்தித்த நண்பர்கள் மூவர், அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால் தங்கள் பெயர் கெடுமே என்று பேசிக்கொண்டதாகக் கட்டுரை எழுதியது. அம்மூவரில் ஒருவரிடமும் செய்தியாளர் பேசவில்லை. அவர்களைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று அந்த மாணவி கேட்டுக்கொள்ளவும் இல்லை. இதைவிட என்னை வருத்துவது இன்னொன்று: அவர்களில் ஒருவர் தம் கழகத்தின் மீதுள்ள பற்றால் பேட்டி தர மறுத்துவிட்டார் என்று கட்டுரையில் அச்சிட்டிருந்தார்கள். கேட்கப்படாத மனிதர் எப்படி மறுத்திருக்க முடியும்? பின்னர் வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளர் அவர்களைத் தேடிப் பேசியபோது, அவர்கள் நினைவில் இருந்த அந்த இரவு கட்டுரை சொன்னதிலிருந்து பெரிதும் வேறுபட்டிருந்தது.

பதில் 2 – சட்டம் பயின்றவர்:

குற்றம் சாட்டப்பட்டவர்களின் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் கழகத்திடம் கருத்துக் கேட்டார்கள். ஆனால் என்ன குற்றச்சாட்டு, எந்த நாள் என்னும் விவரங்களைத் தெரிவிக்கவில்லை. தேதியைச் சொல்லியிருந்தால், அன்று தங்கள் இல்லத்தில் விருந்து எதுவும் நடக்கவில்லை என்று அவர்கள் அப்போதே பதில் அளித்திருப்பார்கள்; அச்சுக்குப் போகும் முன்பே கட்டுரை நின்றிருக்கும். வெறும் பெயருக்குக் கருத்துக் கேட்பதை நடுநிலை என்று நான் ஏற்கமாட்டேன். புகாருக்குச் செவிசாய்க்காதவராகச் சித்திரிக்கப்பட்ட அப்பல்கலைக்கழகத் துணை டீன் நிக்கோல் எராமோ தொடுத்த அவதூறு வழக்கில், 2016 நவம்பரில் ஜூரி செய்தியாளரும் இதழும் சேர்ந்து 30 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றது.

கேட்டவர்:

விளக்கங்களுக்கு நன்றி, ஐயா. நண்பர்களைப் பற்றி எனக்குப் புரிகிறது. ஆனால் தாக்கியவரின் பெயரைக் கேட்டபோது அந்த மாணவி அஞ்சி, ஏறத்தாழ இரண்டு வாரங்கள் தொலைபேசி அழைப்புக்கே பதில் சொல்லாமல் இருந்திருக்கிறார். அங்கே என்ன செய்வது?

பதில் 3 – முன்னாள் துணையாசிரியர்:

அங்கே காத்திருக்க வேண்டும். அல்லது அந்தச் சம்பவத்தை விட்டுவிட வேண்டும். பெயரைத் தேடமாட்டோம் என்று ஒத்துக்கொண்டு கட்டுரையை மட்டும் அச்சேற்றியதுதான் அவர்கள் செய்த தவறு. அதன் சுமை அந்த மாணவியின் தலையிலேயே விழுந்தது. கட்டுரை சொன்னதற்குச் சான்று கிடைக்கவில்லை என்று 2015 மார்ச்சில் அறிவித்த அப்பல்கலைக்கழகம் இருக்கும் சார்லட்ஸ்வில் நகரக் காவல்துறைத் தலைவர், அதனால் அவருக்கு அன்று கொடுமை எதுவும் நேரவில்லை என்று பொருளாகாது என்றும் சொன்னார். அந்த இரண்டாம் பாதியை எத்தனை பேர் காதில் வாங்கினார்கள்?

2016இல் இண்டியானபொலிஸ் ஸ்டார் நாளிதழ் செய்ததையும் படித்துப் பாருங்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மருத்துவர் லாரி நாசர் மீது பாலியல் புகார் சொல்ல வந்த ரேச்சல் டென்ஹோலண்டர், தம் மருத்துவக் குறிப்புகளையும் பழைய நாட்குறிப்புகளையும் கொண்டுவந்து கொடுத்தார். செய்தியாளர்கள் அவற்றைப் பார்த்தார்கள். தனியே இன்னொரு பெண் கூறிய புகாரோடு ஒப்பிட்டார்கள். நாசரின் வழக்கறிஞர் தெரிவித்த மறுப்பையும் அதே செய்தியில் வெளியிட்டார்கள். அதன்பின் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக முன்வந்தார்கள். 2018 ஜனவரியில் நாசருக்குத் தண்டனை விதிக்கப்பட்ட நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்டோர் வாக்குமூலம் அளித்தார்கள்.

ஆகவே முதல் சந்திப்பிலேயே, குறிப்பேட்டைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "நீங்கள் சொல்வதைப் பிறரிடமும் கேட்பேன், நீங்கள் குற்றம் சாட்டுபவரிடமும் கேட்பேன். நாளை யாராவது உங்களைப் பொய்யர் என்று சொன்னால், என் கையில் பதில் இருக்க வேண்டும்." அதைக் கேட்டு அவர் வேண்டாம் என்றால், எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், அம்மா.