புதுப்பிப்பு: நூலகக் கணினியில் இங்க்ஸ்கேப் பழகுவது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டக் கோயில் திருவிழாவுக்கு பேனரை நானே வடிவமைக்க வேண்டும், மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்ட வசதியில்லை, நூலகத்தில் கற்றுக்கொள்ள வழியுண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். வழி இருக்கிறது. பேனரும் அச்சாகி வந்துவிட்டது.

நூலகக் கணினியில் எதையும் நிறுவ முடியாது என்பதுதான் பெரிய தடை. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் நிறுவாமலே இயக்கும் பதிப்பு உண்டு. பென் டிரைவில் போட்டு, கவுண்டர் அக்காவிடம் அனுமதி கேட்டுத் திறந்தேன். 2003 முதல் வளர்ந்துவரும் இலவச மென்பொருள் இது. உதவிப் பட்டியலிலேயே பயிற்சிகள் இருக்கின்றன; படித்துக்கொண்டே அதே பக்கத்தில் வரைந்து பார்க்கலாம். வண்ணச் சேர்க்கை பற்றி நூலகத்தில் இரவல் எடுத்த மலாய்ப் புத்தகங்கள் எனக்குக் காணொளிகளைவிட அதிகம் கைகொடுத்தன.

தமிழ் எழுத்து உடைகிறதா என்று கேட்ட அண்ணனுக்கு: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் என்ற எழுத்துருக்கள் இரண்டிலும் கொம்பும் காலும் சரியாக உட்காருகின்றன. ஆனால் அச்சுக்கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் வேறு எழுத்துரு வந்து வடிவம் மாறிவிடும், தமிழ் எழுத்துருவே இல்லையென்றால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். அதனால் கொடுப்பதற்கு முன் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து ஷிப்ட், கண்ட்ரோல், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எல்லாம் வடிவங்களாக மாறிவிடும். பிறகு எழுத்தைத் திருத்த முடியாது, அசல் கோப்பைக் கட்டாயம் தனியாகச் சேமியுங்கள்! திரையில் பளிச்சென்று தெரியும் பச்சை, அச்சில் சற்று மங்கும். ஒரு தாளில் சோதித்துப் பாருங்கள்.

அடுத்து தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குச் சான்றிதழ் செய்கிறேன். மாதிரிக் கோப்பு வேண்டுபவர்கள் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.